கல்லெழுத்தும் கைப்பற்றப்பட்ட படக்கதையும்

படக்கதை படிக்கும் பிள்ளை பாழாய்ப் போகும் என்பது ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் தீர்ப்பு. நியாலாசிலும் ஆசகானிலும் மாணவர் பையிலிருந்து ‘வன் பீஸ்’ என்னும் சப்பானியப் படக்கதை வெளிப்பட்டால், அது குற்றப்பொருளாகவே கருதப்படுகிறது. கைப்பற்றுவோர் அதன் ஒரு பக்கத்தையேனும் புரட்டியதுண்டா? படிக்காமல் வழங்கும் தீர்ப்பு திறனாய்வு ஆகாது. வெறும் வெறுப்பே ஆகும்.

எயிச்சிரோ ஓடா 1997 சூலையில் ஒரு வார இதழில் தொடங்கிய இக்கதை, 2021இல் நூறாவது தொகுதியைக் கண்டது, இன்னும் முடியவில்லை. ரப்பர்போல் நீளும் உடல்கொண்ட லூஃபி என்னும் இளைஞன், மறைந்த கடற்கொள்ளைத் தலைவனின் புதையலைத் தேடிக் கலமேறுகிறான். பால்வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பர் மனிதன் அயலானாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஆனால் கதையின் உயிர்நிலை புதையலன்று, மறைக்கப்பட்ட வரலாறே. அக்கதையுலகின் அரசு, ஒரு நூற்றாண்டின் வரலாற்றை அழித்துவிட்டு, பழங்கல்லெழுத்துகளைப் படிப்பதையே குற்றமாக்குகிறது. ஒகாரா என்னும் தீவின் அறிஞர்கள் அவற்றைப் படிக்க முயன்றதற்காகத் தீவே எரிக்கப்படுகிறது. சாகும் வேளையிலும் அவர்கள் நூல்களை ஏரியில் எறிந்து காக்கின்றனர். உயிர்தப்பிய ராபின் என்னும் சிறுமி, கல்லெழுத்தைப் படிக்க வல்ல ஒருத்தியாய் உலகெங்கும் வேட்டையாடப்படுகிறாள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தமிழாசிரியர் எவரும் இப்பகுதியை எளிதில் கடந்துவிட இயலாது.

குறைகள் இல்லாமலில்லை. சண்டைகள் சலிப்பூட்டுமளவு நீள்கின்றன. பெண்களை வரையும் முறை பல இடங்களில் முகஞ்சுளிக்க வைக்கிறது. இவற்றை மாணவரிடம் எடுத்துரைப்பதே ஆசிரியர் கடமை. ஆனால் படித்தவரே அதைச் செய்ய முடியும்.

‘தமிழ் கெடும்’ என்பது மற்றொரு வாதம். பிள்ளைகள் இதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். அங்கே தமிழ் கெடவில்லை. தமிழுக்கு அங்கே இடமே இல்லை! இன்று கண்டிக்கும் தலைமுறை, 1947இல் பிறந்த ‘அம்புலிமாமா’வில் சங்கர் வரைந்த விக்கிரமனையும் வேதாளத்தையும் கண்டு எழுத்துக்கூட்டிய தலைமுறை அன்றோ? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அனுப்பிய இரும்புக்கை மாயாவியை ஒளித்துவைத்துப் படித்த தலைமுறை அன்றோ? அம்புலிமாமா நின்றுபோயிற்று. அது விட்டுச்சென்ற இடத்தில் மலேசியத் தமிழெழுத்து எதை வைத்தது? நீதிக்கதைகளையும் தேர்வுப் பயிற்சி நூல்களையுமே வைத்தது.

பொருளுக்கோ பஞ்சமில்லை. 1025இல் இராசேந்திரன் கடாரம் நோக்கிச் செலுத்திய கடற்படையைத் தஞ்சைக் கல்லெழுத்து பேசுகிறது. மலாக்கா சுல்தானியத்தில் துறைமுகத்தை ஆண்ட நான்கு சாபண்டார்களுள் ஒருவரின் பொறுப்பில் தமிழ் வணிகர் இருந்தனர். அருகே ஓங்கி நிற்கும் லேடாங் மலைக்கோ ஓர் இளவரசியின் கதையே உண்டு. கடலும் கலமும் கல்லெழுத்தும் கைவசம் இருந்தும், தமிழ்ப்பிள்ளை கடற்கதைக்குச் சப்பானை நாட நேர்ந்தது யார் குற்றம்?

பையிலிருந்து நூலைப் பறிப்பது எளிது. பறித்த கையில் மாற்றாகக் கொடுக்க ஒரு தமிழ்நூல் இல்லையேல், பறிக்கும் உரிமையும் இல்லை. எழுதுவோர் எழுதட்டும், வரைவோர் வரையட்டும், அதுவரை ஆசிரியர் படிக்கட்டும்.