6.3 செ.மீ. போதும் பாஸ்!

ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கையை நீட்டி, பேனாவுக்கு மூடி போட்டுப் பாருங்க. தடுமாறும். நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவே சராசரியாக 6.3 செ.மீ. இடைவெளி. அதனால் இரண்டிலும் விழும் பிம்பங்கள் கொஞ்சம் வேறுபடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டோன் ஸ்டீரியோஸ்கோப் மூலம் இதை விளக்கிவிட்டார்.

ஆனா நாம 3டி ப்ராஜெக்ட்ல என்ன பண்றோம்? "இன்னும் வெளிய வரணும்டா"ன்னு கேமரா இடைவெளியை 20 செ.மீ. வரைக்கும் இழுக்கிறோம். ஆளெல்லாம் பொம்மை மாதிரி சுருங்கித் தெரிவார்கள். பக்கத்தில் உள்ள பொருள் ரெண்டு ரெண்டாகத் தெரியும். பார்க்கிறவங்க தலைவலியோட "3டியே வேஸ்ட்"னு போயிடுவாங்க. தப்பு 3டி மேல இல்லை, நம்ம மேல.

நண்பனை 2 மீட்டர் தள்ளி ஆடாமல் நிற்கவையுங்கள். போனில் ஒரு க்ளிக். போனைத் திருப்பாமல், நேராக 6.3 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு க்ளிக். இடது, வலது படங்களைப் பக்கத்துல பக்கத்துல வைத்து, அட்டை விஆர் கண்ணாடியில் பாருங்கள். அடுத்து 20 செ.மீ. நகர்த்தி எடுத்ததையும் பாருங்கள். எதை அஞ்சு நிமிஷம் கண் வலிக்காம பார்க்க முடியுதோ, அதையே எக்ஸ்போவுக்குக் கொண்டு போங்க.