மங்கிய திரையில் அண்ணாவின் எழுத்து: பழைய கணினிகளில் உறங்கும் போர்க்கால நினைவுகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மழை விட்ட பிறகு, தப்பிய வீடுகளிலெல்லாம் நனைந்த பொருட்களை வெளியே எடுத்துக் காயவைக்கும் வேலைதான் நடந்தது. கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் பல வருடங்களாகத் திறக்காத தகரப் பெட்டியொன்றை அப்போதுதான் திறந்தார். உள்ளே பழைய சேலையில் சுற்றி வைத்த சிறிய கறுப்புக் கணினி ஒன்றும் மூன்று ஓடியோ கசெட்டுகளும் இருந்தன.

அந்தக் கணினி ஸின்க்ளேயர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். லண்டனில் இருந்த மாமா, பாவித்த ஒன்றை வாங்கி 1986இல் அனுப்பியிருந்தார். ஆசிரியையின் அண்ணா அப்போது கண்டியில் உறவினர் வீட்டில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். கணினி இங்கேயே தங்கிவிட்டது. 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோரில் அந்த அண்ணாவும் ஒருவர். 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்த எல்லாம் போய்விட்டதால், குடும்பத்திடம் எஞ்சியிருப்பது அவருடைய ஒரேயொரு அடையாள அட்டைப் படம்தான்.

“இதுக்குள்ள அவர் தமிழிலை ஏதோ எழுதி வச்சவர். எனக்குக் காட்டினவர். என்ன எண்டுதான் ஞாபகமில்லை” என்றார் ஆசிரியை.

கண்டி நகரில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடை ஒன்றுக்கு அவருடன் நானும் போனேன். கடைக்காரர் மின்சாரப் பகுதியைச் சோதித்துவிட்டு, கணினியைத் தொலைக்காட்சியின் அன்ரனாத் துளையில் மாட்டினார். சாம்பல் நிறப் புள்ளிகளுக்கிடையே 1982 என்ற ஆண்டுடன் தயாரிப்பாளரின் உரிமை வரி நடுங்கியபடி தெரிந்தது. “மெஷின் உயிரோடதான் இருக்கு டீச்சர். ஆனா இந்தப் படத்தில எதையும் வாசிக்க ஏலாது” என்றார்.

பழைய கணினிகளின் படத்தை இன்றைய திரைகளுக்கு ஏற்றவாறு மேம்படுத்துவது உலகின் பல பாகங்களிலும் ஒரு பொழுதுபோக்கு. சிறுவயதில் விளையாடிய விளையாட்டுகளைத் தெளிவாகப் பார்க்க விரும்புபவர்கள் வளர்த்த அறிவு அது. போரால் பாதிக்கப்பட்ட சமூகத்துக்கு அதே அறிவு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது.

படம் எங்கே கெடுகிறது?

1982 ஏப்ரலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரமின் விலை பிரித்தானியாவில் 125 பவுணிலிருந்து தொடங்கியது. விலையைக் குறைக்கத் தனித் திரை இல்லாமல் விற்றார்கள். வீட்டுத் தொலைக்காட்சியே திரை. அன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அன்ரனாத் துளையைத் தவிர வேறு வாசல் இல்லை. அதனால் கணினியே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக நடிக்க வேண்டியிருந்தது. அது உருவாக்கும் படத்தை உள்ளேயுள்ள சிறு உலோகப் பெட்டி வானலையில் ஏற்றி, யூ.எச்.எஃப். 36ஆம் அலைவரிசையில் அனுப்பும். தொலைக்காட்சி அந்த அலையைப் பிடித்து, படத்தை மீண்டும் பிரித்தெடுக்கும். ஏற்றும்போது கொஞ்சமும் இறக்கும்போது கொஞ்சமுமாகப் படம் கெடும். நாற்பது வருடத்தில் அந்தப் பெட்டியின் உதிரிப்பாகங்களும் தளர்ந்துவிடுகின்றன.

ஆனால் அலையில் ஏற்றப்படுவதற்கு ஒரு படி முன்னதாக, கணினிக்குள்ளேயே படம் நல்ல நிலையில் இருக்கிறது. கொம்போசிற் எனப்படும் அந்தச் சமிக்ஞையை அங்கேயே எடுத்து, தொலைக்காட்சியின் மஞ்சள் நிற வீடியோத் துளைக்குக் கொண்டுபோனால் போதும். உலோகப் பெட்டிக்கான பழைய இணைப்பைக் கழற்றி, ஒரு கொள்ளளவி வழியாகப் புதிய இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். உதிரிப்பாகச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

இதற்கு மேலும் படிகள் உண்டு. கொம்போசிற்றில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போவதால் நிற ஓரங்களில் புள்ளிகள் ஊரும். இரண்டையும் பிரித்து அனுப்புவது எஸ்-வீடியோ. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே அனுப்புவது ஆர்.ஜி.பி. அதையும் தாண்டி, கணினி வெளியிடும் ஒவ்வொரு புள்ளியையும் நேரடியாக எண்ணிப் படித்து எச்.டி.எம்.ஐ. திரைக்கு அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. ராஸ்பெரி பை சீரோவும் ஒரு சிறு பலகையும் கொண்டு, முதலில் பிபிசி மைக்ரோ கணினிக்காகத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ’ அவற்றில் ஒன்று. அதன் வரைபடமும் மென்பொருளும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை.

வெளிநாட்டில் விற்கும் தரமான மாற்றுக் கருவிகள் நூறு யூரோவைத் தாண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஓரிரு மாதத்தில் 360 ரூபா வரை போன நாட்டில், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது எட்டாத தொகை. எழுத்தை வாசிப்பது மட்டும் நோக்கமென்றால் விலையுயர்ந்த கருவி தேவையுமில்லை.

திரைக்கு முன் கசெட்

இதில் பலர் தவறவிடும் விடயம் ஒன்றுண்டு. ஸ்பெக்ட்ரமை நிறுத்தியவுடன் அதன் நினைவகம் வெறுமையாகிவிடும். அண்ணா எழுதியது கணினியில் இல்லை, கசெட்டில் இருக்கிறது. சாதாரணப் பாட்டுக் கசெட்டில் கீச்சிடும் ஒலியாகப் பதிந்திருக்கும் அதைப் பழைய ரேப் ரெக்கோடரில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தால், படம் தெளிவாவதற்குள் கசெட் அழிந்துவிடக்கூடும். எனவே முதல் வேலை கசெட்டைப் பிரதி எடுப்பது.

மூன்று கசெட்டுகளில் ஒன்றில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கண்டியின் ஈரப்பதத்தில் இது சாதாரணம். அதை ஓட்டினால் பூஞ்சணம் ரெக்கோடரின் தலையில் ஒட்டி மற்றக் கசெட்டுகளையும் கெடுக்கும். அதை ஒதுக்கி வைத்தோம். இரண்டாவதில் யாரோ பின்னாளில் வானொலிப் பாட்டுகளைப் பதிந்திருந்தார்கள். மூன்றாவதில்தான் அந்தக் கீச்சொலி இருந்தது. முதல் பிரதியைக் கணினி ஏற்கவில்லை, ஏற்றுவதில் பிழை என்று மட்டும் சொன்னது. கடைக்காரர் ரெக்கோடர் தலையின் சாய்வைச் சிறு திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒலி கூர்மையாகக் கேட்ட இடத்தில் நிறுத்தி மறுபடி பதிந்தார். அந்த ஒலிக்கோப்பைக் கைபேசியிலிருந்து கணினிக்கு ஓட்டியபோது அது ஏற்றுக்கொண்டது.

ஸ்பெக்ட்ரமில் தமிழ் எழுத்து கிடையாது. பாவிப்பவர் தானாக வரைந்துகொள்ள 21 கட்டங்கள் மட்டும் உண்டு. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. அன்ரனாவழிப் படத்தில் இரண்டு சொற்கள் கலங்கித் தெரிந்தன. முதலாவது “தங்கச்சிக்கு” என்று ஊகிக்க முடிந்தது. இரண்டாவது “அன்னா” போலத் தெரிந்தது. “அப்பிடி ஆர் இருந்தவை?” என்று ஆசிரியை குழம்பிப்போனார்.

கடைக்காரர் வீடியோ இணைப்பை மாற்றி முடித்த பின் அதே சொல்லைப் பார்த்தோம். அது “அண்ணா”. ண என்ற எழுத்தின் சுழிகள் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்காததால், அந்த மாணவர் அதற்கு இரண்டு கட்டங்களைச் செலவழித்திருந்தார். கலங்கிய படத்தில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ண னவாகியிருந்தது. ஆசிரியை திரைக்குக் கிட்டப் போய் அந்தச் சுழிகளை விரலால் எண்ணினார். பிறகு கதிரையில் இருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோப்பு இப்போது பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளில் மடிகணினியிலும் திறக்கிறது. கனடாவிலுள்ள மருமகன் அங்கிருந்தே பார்த்துவிட்டார். இனி இந்த இயந்திரம் பழுதாகிப் போனாலும் எழுத்து போகாது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல

எண்பதுகளில் நம்மவர்களிடம் இருந்த வீட்டுக் கணினிகள் மிகச் சில. ஆனால் வீடியோ கசெட் இல்லாத குடும்பம் குறைவு. கலியாணம், பூப்புனித நீராட்டு, செத்தவீடு, வெளிநாட்டுப் பயண அனுப்பிவைப்பு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. பின்னாளில் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் நடந்து, சிரித்து, பேசிய ஒரே பதிவு யாரோ ஒருவரின் கலியாண வீடியோவில் இருக்கலாம். அதன் சிக்கலும் இதேதான். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய வீ.சி.ஆர். வருவது நின்றுவிட்டது. சோனி 2011இல் ஃபிளொப்பி விற்பனையை நிறுத்தியது. தொண்ணூறுகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டு ஃபிளொப்பியில் சேமித்த முறைப்பாட்டுக் கடிதங்களும் ஊர்ப் பெயர்ப் பட்டியல்களும் இன்றைய கணினியில் யூனிகோட் மாற்றமின்றித் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

ஒளிபரப்பு மாற்றமும் வருகிறது. இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் தொலைக்காட்சி முறையைத் தெரிவுசெய்தது. மாற்றம் இழுபட்டுக்கொண்டே போகிறது. அந்தத் தாமதம் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அனலொக் ஒளிபரப்பு நின்றால், பழைய அலையைப் பிடிக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அவற்றைத் திருத்துபவர்களுக்கும் சந்தையில் வேலை இருக்காது. கண்டியில் நான் பார்த்த கடைக்காரருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தொழில் பழக யாரும் வருவதில்லை என்கிறார்.

கருவியை விடப் பெரிய தடை பயம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்ததிலிருந்து, வீட்டிலிருக்கும் படமும் கசெட்டும் கைதுக்குக் காரணமாகலாம் என்ற அச்சத்துடன் வாழ்ந்த சமூகம் இது. எத்தனையோ குடும்பங்கள் அல்பங்களை எரித்தன, கசெட்டுகளைப் புதைத்தன. எஞ்சியவற்றை அறிமுகமில்லாத கடையில் கொடுத்து, “இதில் இருப்பதைப் பாருங்கள்” என்று சொல்ல இன்றும் பலர் தயாரில்லை. அதனால் சிலர் தொலைக்காட்சியில் ஓடும் படத்தைக் கைபேசியால் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூலத்தைக் கைவிடுகிறார்கள். படத்தை அலையில் ஏற்றி இறக்கியபோது நடந்த சேதத்தை விட இது மோசமான சேதம்.

யார் செய்ய வேண்டும்?

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்டது. அதன் மீது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நம்பிக்கையில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டமே அதற்குச் சான்று. ஆகவே கசெட்டுகளைக் கொண்டுபோய் அங்கே கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பமே தன்னிடமுள்ளதைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள உதவுவது அரசின் கடமைகளில் ஒன்று. உண்மையைத் தேடுவதாகச் சொல்லும் எந்தப் பொறிமுறையும் காகிதத்தையும் புகைப்படத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அதுவரை நாமே செய்யக்கூடியது நிறைய. பேராதனையில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது, தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒரு நல்ல வீ.சி.ஆர்., ஒரு ரேப் ரெக்கோடர், ஒரு ஃபிளொப்பிக் கருவி, ஈயம் வைக்கத் தெரிந்த இருவர் போதும். குடும்பத்தவர் பக்கத்தில் இருக்கப் பிரதி எடுத்து, எதையும் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுக்கும் முகாமை மாதம் ஒரு தடவை நடத்தலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை மறக்காத சமூகம் அரசைக் காத்திராமல் என்ன செய்யலாம் என்று காட்டியிருக்கிறது. பொதுவில் வைக்கக்கூடியதை அங்கு சேர்க்கலாம். முகங்களும் பெயர்களும் உள்ளதைப் பொதுவில் இடுமுன் அதிலுள்ளவர்களின் பாதுகாப்பை யோசிக்க வேண்டும்.

வீட்டில் இப்படியொரு பெட்டி இருந்தால், எதையும் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மின்வழங்கியைச் சோதிக்காமல் கணினியில் மாட்டாதீர்கள், அதில் வரும் பிழையான மின்னழுத்தம் உள்ளேயிருப்பதை எரித்துவிடும். முதலில் பிரதி, பிறகுதான் படம். பிரதியில் ஒன்று வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கட்டும். மூலத்தை ஒருபோதும் எறியாதீர்கள்.

பூஞ்சணம் பிடித்த முதலாவது கசெட் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். “அவசரமில்லைப் பிள்ளை. ஆனா அந்தக் கடைக்காரர் இருக்கேக்கையே செய்து போடவேணும்” என்கிறார் ஆசிரியை.