மரபணு ரிப்போர்ட்டை ஜாதகமா படிக்காதீங்க மக்கா

மரபணு ரிப்போர்ட்ல "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்"னு ஒரு வரி வந்தா, அதுக்கு அர்த்தம் "எங்களுக்கு இன்னும் தெரியல". அவ்வளவுதான். அதை வச்சு ஒரு குடும்பமே தலைகீழாகுறதைப் பார்த்த கடுப்புலதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா தோல் வியாதின்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்ல. ஆனா எர்ரர் மெசேஜ் படிக்கிறதுதான் என் பொழப்பு. வார்னிங்கை எர்ரர்னு படிச்சா எவ்வளவு நாசமாகும்னு நல்லாவே தெரியும்.

மேட்டருக்கு வர்றேன். காரைக்குடியில எங்களுக்குத் தெரிஞ்ச வீடு. குழந்தைக்குச் சின்ன உரசல் பட்டாலே கொப்புளம். சித்திரை வெயில் வந்துட்டா உள்ளங்கால் தரையில படக்கூடாது. ஒரு லேப்ல ரத்தம் கொடுத்தாங்க. இங்கிலீஷ்ல பத்துப் பக்கம் பிடிஎஃப் வந்துச்சு. கெராட்டின் 14 மரபணுல ஒரு மாற்றம் இருக்கு, முக்கியத்துவம் தெரியலைன்னு. உக்கார வச்சு விளக்க ஆள் கிடையாது. விளைவு? "மருமக வழியில வந்த சீக்கு"ன்னு ஆச்சி தீர்ப்பு எழுதிட்டாங்க. "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்"னு தெரு சொல்லுச்சு. குழந்தையோட அத்தைக்குப் பேசி முடிச்சிருந்த சம்பந்தம் நின்னுபோச்சு. இந்த மூணுல எதுக்கும் அந்த ரிப்போர்ட்ல ஆதாரம் இல்ல.

ஏன்னு சொல்றேன். தோலோட அடி அடுக்கு செல்லுக்குள்ள கெராட்டின் 5, கெராட்டின் 14னு ரெண்டு புரதம் ஜோடி சேர்ந்து கயிறா முறுக்கிக்கிட்டு நிக்கும். தேர் வடம் மாதிரின்னு வச்சுக்கங்க. வடத்துல நார் கொஞ்சம் குறைஞ்சாலும் தேர் நகரும். மக்கிப்போன நாரைக் கலந்து திரிச்சா வடமே அறுந்துரும். அதனாலதான் இந்த வகைல பெரும்பாலும் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ரெண்டு பிரதியில ஒண்ணு கெட்டாலே நோய் வந்துடுது. பேரு எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ். 1991ல அமெரிக்காவுல எலைன் ஃபியூக்ஸ் குழு இதுக்கும் கெராட்டின் 14க்கும் உள்ள தொடர்பைக் காட்டுனாங்க. அந்தப் புரதத்தோட 125வது இடத்துல இருக்குற ஆர்ஜினின் மாறுனா பெரும்பாலும் கடுமையான வகைதான். பல நாட்டுக் குடும்பங்கள்ல பார்த்தாச்சு, சந்தேகமே இல்ல.

ஆனா எல்லா மாற்றமும் அப்படி இல்ல. கெராட்டின் 5ல 138வது இடத்துல கிளைசின் போய் குளுட்டாமிக் அமிலம் வர்றது ஐரோப்பியர்கள்ல சகஜம். 2009ல ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அதை ஒரு வகைத் தோல் புற்றுநோய் அபாயத்தோட சேர்த்துச் சொன்னாங்க. அது இருக்குறதால மட்டும் கொப்புளம் வர்றதில்ல. எந்த எழுத்து, எந்த இடத்துல மாறுச்சுங்கிறதுதான் விஷயம்.

இப்ப தீர்ப்புகளைப் பாப்போம். அந்த ரிப்போர்ட்லயே ஒரு பிரதியிலதான் மாற்றம்னு போட்டிருக்கு. அது அம்மாகிட்ட இருந்து வந்து, அதுதான் காரணமும்னா, அம்மாவுக்கும் கொப்புளம் வந்திருக்கணும். வரல. குழந்தைகிட்டயே புதுசா உண்டான மாற்றமா இருக்கலாம், அது யார் குத்தமும் இல்ல. சொந்தத்துல கட்டுறது வேற சில எபிடெர்மோலைசிஸ் வகைகளுக்கு நிஜமாவே காரணம். கெராட்டின் 14லயே ரெண்டு பிரதியும் கெட்டு வர்ற அரிதான வகையும் உண்டு. ஆனா ஒரு பிரதி மாற்றத்துக்கு அந்தப் பழியைப் போட முடியாது. அத்தையோ குன்றக்குடியில இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனவங்க. எல்லார் காலும் கொப்புளிச்ச அளவுதான் அவங்க காலும் கொப்புளிச்சது. அவங்க தலையில எதுக்குய்யா இதைக் கட்டுறீங்க? அப்படியே நோய் இருந்தாத்தான் என்ன, ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணிக்கக்கூடாதா?

சரி, லேப் ஏன் தெரியலைங்குது? 2015ல அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த ஏணியில அஞ்சு படி. நோய் தரும், அநேகமா தரும், தெரியாது, அநேகமா தராது, தராது. நடுப்படிதான் நம்ம ஆளு. மேல கீழ ஏத்தி இறக்க ஆதாரம் வேணும். அதுல ஒண்ணு, ஆரோக்கியமானவங்ககிட்டயும் இந்த மாற்றம் இருக்காங்கிறது. அங்கதான் நமக்கு அடி. உலகத் தரவுத்தளங்கள்ல ஐரோப்பியர்தான் ஜாஸ்தி. 2015ல முடிஞ்ச ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்துல தமிழர்னு பேர் போட்டு வந்தது இங்கிலாந்துல இருக்குற இலங்கைத் தமிழர் நூத்திச் சொச்சம் பேர்தான். இண்டிஜென் திட்டத்துல 1029 இந்தியர். 2025 ஜனவரியில ஜீனோம் இந்தியா சுமார் 10,000 பேர் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது நல்ல சேதி.

ஆனா நம்ம ஊர்ப் பழக்கம் தெரியும்ல? செட்டிநாட்டுல நகரத்தார் ஒன்பது கோயில் பிரிவு பார்த்து வேற கோயில்ல பொண்ணு எடுப்பாங்க, ஆனா சமூகத்துக்குள்ளதான். மத்த சமூகங்களும் வெளிய போறதில்ல. உலகத்துல அரிதான ஒரு எழுத்து மாற்றம் ஒரு சமூகத்துக்குள்ள சாதாரணமா புழங்கலாம். தரவுத்தளத்துல இல்லைன்னா, நம்மளை யாரும் எண்ணலைன்னுகூட அர்த்தம்!

இன்னொரு சிக்கல் என் தொழிலுக்குப் பக்கம். கெராட்டின் 14க்கு அச்சு அசலா ஒரு நகல் அதே 17வது குரோமோசோம்ல உக்காந்திருக்கு. வேலை செய்யாத நகல், டெட் கோட் மாதிரி. துண்டு துண்டா படிக்கிற மெஷின் நகலோட வரியை அசல்னு எடுத்துக்கலாம். அதனால சாங்கர் முறையில அசலை மட்டும் தனியா எடுத்து மறுபடி சரிபார்க்கணும்.

என் சண்டை இந்த லேப் பழக்கத்தோடதான். அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தா பாதிக் குழப்பம் தீரும். ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம குழந்தைகிட்ட மட்டும் இருந்தா, நோய்க்குக் காரணம்ங்கிறதுக்கு வலுவான ஆதாரம். கொப்புளமே வராத அப்பாகிட்ட அதே மாற்றம் இருந்தா, காரணம் வேற எங்கயோ. இதைச் செய்யாம பிடிஎஃபை மட்டும் கையில திணிக்கிறது, டெஸ்ட் பண்ணாத கோடை கஸ்டமர்கிட்ட தள்ளிவிடுறதுக்குச் சமம்.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. பெத்தவங்க சாம்பிளும் எடுப்பீங்களா? தமிழ்ல விளக்க மரபணு ஆலோசகர் இருக்காரா? ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி பார்த்துச் சொல்வீங்களா? முடிவை கிளின்வார் பொதுத் தரவுத்தளத்துல பேர் இல்லாம சேர்ப்பீங்களா? இல்லைன்னு சொன்னா வேற இடம் பாருங்க. படி எது வந்தாலும் அந்தக் குழந்தைக்கு இன்னைக்கே வேண்டியது மெத்துன்னு செருப்பு, சுத்தமா கொப்புளம் உடைச்சுக் கட்டுப் போடத் தெரிஞ்ச கை, வெயில்ல நிக்க வைக்காத பள்ளிக்கூடம். சம்பந்தத்தை முறிக்கிற அக்கறையில பாதியை இதுல காட்டலாம்.

டிஸ்கி: உங்க ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீங்க சாமிகளா, டாக்டர்கிட்ட போங்க. மத்தபடி திட்டுறவங்களுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)