தேயிலை மலையும் தேர்தல் கணக்கும்

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தமிழரிடையே ஒரு புலம்பலும் உடன் எழுகிறது. "நமக்கென்று இருந்த தொகுதி கைவிட்டுப் போயிற்று" என்பதே அது. 2019ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைபெற்ற இடைத்தேர்தலில் ம.இ.கா. ஒதுங்கி நின்றது. தேசிய முன்னணியின் சார்பில் ஓராங் அஸ்லி இனத்தவரான ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். இதனைச் சமூகத்துக்கு நேர்ந்த பேரிழப்பு என்று கருதுவோர் பலர். அக்கருத்து பிழையானது. உண்மையான இழப்பு எதுவென்று காணவிடாமல் அது கண்ணை மறைக்கவும் செய்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்தல் வேண்டும். இத்தொகுதி முதன்முதலாகத் தேர்தலைக் கண்டது 2004ஆம் ஆண்டில். அவ்வாண்டிலும் 2008இலும் எஸ்.கே. தேவமணி வென்றார். 2013இல் ம.இ.கா. தலைவராயிருந்த ஜி. பழனிவேல் 462 வாக்குகளில் கரையேறினார். 2018இல் சி. சிவராஜ் 10,307 வாக்குகளும் ஜனநாயக செயல் கட்சியின் எம். மனோகரன் 9,710 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 597 மட்டுமே. நான்கு பொதுத் தேர்தல்களிலும் வென்றவர் தமிழரே. ஆயினும், 2019 இடைத்தேர்தலின்போது தொகுதி வாக்காளரில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர்தாம். மலாய்க்காரர் மூன்றில் ஒரு பங்கினர். சீனர் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. ஓராங் அஸ்லி மக்கள் 22 பேர் அளவினர். நால்வகையினரில் மிகச் சிறியோராய் இருந்தவர்களுக்குத் தொகுதி எவ்வாறு "சொந்தம்" ஆயிற்று?

கூட்டணி மேசையில் பங்கு பிரித்தபோது ம.இ.கா.வின் இலைக்கு வந்த இடம் அது. இதற்குச் சட்டமன்ற முடிவுகளே சான்று பகர்கின்றன. இந்நாடாளுமன்றத் தொகுதிக்குள் தானா ராத்தா, ஜெலாய் என்னும் இரு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். மலைநகரங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் கொண்ட தானா ராத்தாவை 2013, 2018, 2022 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஜனநாயக செயல் கட்சியே வென்றது. ஜெலாயோ அம்னோவின் கோட்டை. பகாங் மந்திரி பெசார் வான் ரோஸ்டியின் தொகுதி. மலைமேல் தோற்ற கூட்டணியை 2013இலும் 2018இலும் கரைசேர்த்தவை ஜெலாய் வாக்குகளே என்பது கூட்டிக் கழித்துப் பார்ப்போர் யாவர்க்கும் விளங்கும். தோட்டத்துத் தமிழரின் தொகுதி என்று கொண்டாடப்பட்டது, தோட்டத்திற்கு வெளியே வெல்லப்பட்ட தொகுதி! மேசையில் கொடுக்கப்பட்டதை மேசையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2022இல் தேசிய முன்னணியும் பக்காத்தான் ஹராப்பானும் நிறுத்திய வேட்பாளர் எவரும் தமிழரல்லர்.

அவ்வாறாயின் இழப்பே இல்லையா? உண்டு. 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்த நாள் தொட்டு, அம்மலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை விழுந்தது. கூடை சுமந்த முதுகுகள் அங்கே தலைமுறைகளாய்க் குனிந்தன. ஆனால் குடியிருந்த லயம் எவருடையது? வேலை உள்ளவரை கூரை. வேலை முடிந்தால் அதுவுமில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் குறைந்தபட்ச வசதிகளை வரையறுத்தது. வீட்டை உரிமையாக்கித் தரவில்லை. சொந்தக் கூரை இல்லாத இளைஞன் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போவதில் வியப்பென்ன? அவன் விட்டுச் சென்ற வரிசைகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தோர் இன்று கொழுந்தெடுக்கின்றனர். அவர்களுக்கு உழைப்புண்டு, வாக்கில்லை. கொழுந்து குறையவில்லை; கொழுந்தெடுத்த குடும்பங்களின் வாக்கு குறைந்தது. இழப்பு இதுவே. இது 2019இல் நேர்ந்ததன்று. ஒவ்வொரு குடும்பமாக மலையிறங்கியபோதெல்லாம் நேர்ந்தது.

462, 597 என்னும் எண்களை மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். சில நூறு வாக்குகள் தராசு முள்ளை அசைக்கும் நிலையில், எஞ்சியிருந்த தோட்ட மக்கள் ஒரே குரலில் வீட்டுரிமையை விலையாகக் கேட்டிருந்தால் எந்தக் கட்சி செவிசாய்க்காது? தலைவர்கள் அதைக் கேட்கச் சொல்லவில்லை. "நம்மவரை வெல்ல வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். நம்மவர் வென்றார். இயற்கை வள அமைச்சராகவும் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்கள் பலியாயின. உறுப்பினரின் இனம் ஒன்றே தொகுதிக்குக் காப்பாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டுவதில்லை.

2018 நவம்பர் 30இல் தேர்தல் நீதிமன்றம் அவ்வாண்டின் வெற்றியைச் செல்லாததாக்கியது. ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதென்பது அத்தீர்ப்பின் முடிவு. அம்மக்களை இகழ்வதற்குத் தமிழர்க்கு வாயில்லை. தேர்தல் காலத்து அரிசி மூட்டை லயத்து வாசல் அறியாத பொருளன்று. வறியவன் கையில் காசைத் திணித்து வாக்கைப் பறிப்பது எம்மொழி பேசுவோர்க்கும் இழிவே.

நாடு விடுதலை பெற்றபின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1959இல். அதன்பின் அறுபது ஆண்டுகள், மண்ணின் முதற்குடியான ஓராங் அஸ்லி மக்களில் ஒருவரேனும் வாக்குப் பெற்று மக்களவையில் அமர்ந்ததில்லை. 2019இல் அமர்ந்தவரே முதல்வர். சிறுபான்மைக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நெடுங்காலம் முழங்கிய சமூகம், தன்னினும் சிறியதொரு சமூகம் அதைப் பெறும்போது முகம் சுளிக்கலாமா? தனக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பது தமிழர் பண்பாகாது.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகின்றனர். பள்ளியை விட்டு வெளிவரும் மாணவனின் பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது. எத்தொகுதியில் ஏறியது, அங்கே வெற்றி எத்தனை வாக்கில் அமைந்தது, அவ்வாக்குக்கு ஈடாகக் கேட்கத் தக்கது யாது என்பவற்றை அவன் அறிந்திருக்க வேண்டும். தமிழாசிரியர் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியது இக்கணக்கையே. தொகுதி எந்த இனத்துக்கும் பட்டா எழுதித் தரப்பட்ட நிலமன்று. பட்டா கேட்க வேண்டிய இடம் தொழிலாளி குடியிருக்கும் லயம். அதைக் கேட்கத் துணியாமல் தொகுதியை எண்ணி அழுவது, வீடு பற்றி எரிகையில் வாசற்கோலம் அழிந்ததே என்று வருந்துவதை ஒக்கும்.