பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகளை ‘அவுட்’ ஆக்காதீர்கள்

பிறந்தநாள் விழாவில் மியூசிக்கல் சேர் வைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். அதோடு சேர்த்து, “அவுட் ஆனவங்க எல்லாம் ஓரமா போய் உட்காருங்க” என்று மைக்கில் சொல்கிற அத்தனை விளையாட்டையும் நிறுத்துங்கள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். 34 வருடம் பிள்ளைகளோடு கிடந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. (கணக்கு வாத்தியார், விடமாட்டேன்.) 15 பிள்ளைகள், 14 நாற்காலிகள். கடைசியில் ஒருவர் ஜெயிக்க 14 சுற்று ஆகும். முதல் சுற்றிலேயே வெளியே போன பிள்ளை மீதி 13 சுற்றும் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டாவதாகப் போன பிள்ளை 12 சுற்று. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 91 வரும். 15 பேரும் 14 சுற்றிலும் ஆடியிருந்தால் மொத்தம் 210. அந்த 210-ல் 91 வேடிக்கை பார்த்தே போய்விட்டது. விளையாட வாருங்கள் என்று கூப்பிட்டு, புதுச்சட்டை போட்டு வந்த பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை இது.

அந்த 91-ஐ எல்லாப் பிள்ளைகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலாவது பரவாயில்லை. அப்படியா நடக்கிறது? முதலில் வெளியேறுவது எப்போதும் அதே பிள்ளைகள்தான். கூட்டத்திலேயே சின்னவன், கூச்சப்படுகிறவள், கால் கொஞ்சம் சரியில்லாதவன், அடுத்தவரை இடித்துத் தள்ளி உட்காரக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்டவள். இடித்துத் தள்ளத் தெரிந்தவன் கடைசி வரை ஆடுவான், பரிசும் அவனுக்குத்தான். வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இன்னும் நாலு தடவை வாசிக்கக் கொடுப்போம். இங்கே ஓடத் திணறும் பிள்ளையை முதல் நிமிடத்திலேயே ஓடாதே என்று உட்கார வைக்கிறோம்.

போன மாதம் ஒரு பார்ட்டி ஹாலுக்குப் போயிருந்தேன். முதல் சுற்றில் அவுட் ஆன பெண் குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். அம்மாவிடம் போனாள். அம்மா வீடியோ எடுப்பதில் மும்முரம். “அங்க போய் உட்காரு கண்ணு, நீதான் அவுட் ஆயிட்டியே” என்றார். அந்தக் குழந்தை சுவரில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் திட்டு விழுந்தது. நான் கூப்பிட்டு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். “தாத்தா, நீங்களும் அவுட்டா?” என்று கேட்டாள்.

இப்படிச் சொன்னவுடன் ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். “சார், தோல்வியைத் தாங்கப் பழக வேண்டாமா? எல்லாருக்கும் கோப்பை கொடுத்து வளர்த்தால் பிள்ளை உருப்படுமா?”

பழகட்டும், நன்றாகப் பழகட்டும். ஆனால் தோற்பது வேறு, வெளியே போவது வேறு. நம் மாநில விளையாட்டு கபடியைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழு பேர். ஒருவன் அவுட் ஆனால் வெளியே போகிறான், சரி. ஆனால் அவன் அணி எதிராளி ஒருவனை அவுட் ஆக்கியதும் இவன் திரும்ப உள்ளே வருகிறான். யார் முதலில் வெளியே போனானோ அவனே முதலில் உள்ளே வருவான், அதுதான் விதி. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் ‘பிடிடா, பிடிடா’ என்று தொண்டை கிழியக் கத்துவான். ஏனென்றால் அவன் பிழைப்பு உள்ளே இருப்பவன் கையில் இருக்கிறது. அரைமணி நேரத்தில் நாலு தடவை தோற்று நாலு தடவை திரும்ப வருகிறவனுக்குத் தோல்வி பழகுமா, ஒரே தடவை தோற்று ஓரத்தில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவனுக்குப் பழகுமா?

மைக் பிடிக்கிற தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. 30 பிள்ளைகளை ஒற்றை ஆளாக இரண்டு மணி நேரம் சமாளிக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு தலை குறைந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். அவுட் ஆக்கும் விளையாட்டு இவ்வளவு ஓடுவதற்கு அந்த வசதிதான் காரணம். ஆனால் அந்த மைக்கில் “குண்டுத் தம்பி, நீ உட்கார்ந்தா சேர் தாங்குமா?” என்று ஜோக் அடிப்பதை மன்னிக்க மாட்டேன். அதற்கு ஹாலே சிரித்தது, பெற்றவர்களும் சேர்ந்து. அந்தப் பையன் கேக்கைத் தொடவில்லை.

சரி, வேறென்ன வைப்பது என்கிறீர்களா? நாலு மூலை ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நாலு தூணில் நாலு பேர், நடுவில் ஒருவர். தூணில் நிற்பவர்கள் சைகை காட்டி இடம் மாறும்போது, நடுவில் நிற்பவர் பாய்ந்து காலித் தூணைப் பிடிக்க வேண்டும். இடம் இழந்தவர் நடுவுக்கு வருவார். இதிலும் ஆளைவிட இடம் ஒன்று குறைவுதான், மியூசிக்கல் சேர் மாதிரியே. ஆனால் இடம் கிடைக்காதவர்தான் இங்கே ஆட்டத்தின் நடுநாயகம், மற்ற நாலு பேர் கண்ணும் அவர் மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் வைத்திருந்த ஆட்டம் அது. தூண் இல்லாத வீடா? சாக்பீஸில் வட்டம் போடுங்கள். பிள்ளைகள் அதிகமா? ஆறு வட்டம், ஏழு பேர்.

குலை குலையா முந்திரிக்காய்க்கு ஒரு துண்டு போதும். வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் முதுகுக்குப் பின்னால் துண்டு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பதுகூட அங்கே விளையாட்டுதான். கல்லா மண்ணாவில் பிடிபட்டவர் அடுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஓட இடமில்லை என்றால் ராஜா, ராணி, போலீஸ், திருடன் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். இரண்டாவது படிப்பவனும் எட்டாவது படிப்பவளும் சமமாக மோதிக்கொள்ளும் ஆட்டம் வேறு எனக்குத் தெரியாது. ஓடத் தெரிய வேண்டாம், திருட்டு முழியை மறைக்கத் தெரிந்தால் போதும்.

மியூசிக்கல் சேர் இல்லாமல் உங்கள் பிள்ளை ஒப்புக்கொள்ளாதா? அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். நாற்காலிக்குப் பதில் கோணிச் சாக்கு விரியுங்கள். (செய்தித்தாள் வேண்டாம், டைல்ஸில் வழுக்கும்.) பாட்டு நின்றதும் எல்லோரும் சாக்கின் மேல் நிற்க வேண்டும். சுற்றுக்கு ஒரு சாக்கை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கடைசியில் இரண்டு சாக்கில் 15 பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், விழுவார்கள், சிரிப்பார்கள். வீடியோவுக்கும் அதுதான் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, கையோடு சொல்லிவிடுகிறேன். யார் முதலில் வாழைப்பழம் தின்பது, யார் வேகமாக பன் விழுங்குவது என்ற போட்டியெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கினால் ஹாலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. பலூன் உடைத்தால் துண்டுகளை அப்போதே பொறுக்குங்கள். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு என்று பலூன் பாக்கெட்டில் அச்சிடுவது அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். இங்கே பலூன் துண்டைத் தவழும் குழந்தைதான் பொறுக்குகிறது.

அடுத்த ஞாயிறு எங்கள் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள். ஆட்டம் நடத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு, ஒரு பெட்டி சாக்பீஸ், ஆறு சாக்கு எடுத்து வைத்துவிட்டேன். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இந்தத் தொண்டையே போதும். நாலு மூலைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், கூடுதலாக என்ன விதி என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அதையும் ஆடிப் பார்த்துவிடுவோம்.