ஓடினால் போதுமா?

மலைக்கு வண்டி ஏற இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அடுத்த வருஷம் ஏப்ரலில் இருந்து எண்ணிக்கைக்கும் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. இது நல்லதா கெட்டதா என்று கடைத்தெருவில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நம் ஊருக்குள் யார் வரலாம் என்று எண்ணிச் சொல்லும் வேலை இப்போது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமிடம் போயிருக்கிறது. அதனால்தான் "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று என் வயதுக்காரர்கள் ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் சொல்லப் போவது அரசாங்கத்தின் புரோகிராமைப் பற்றி அல்ல. எங்கள் தெருப் பையன் ஒருவன் எழுதியதைப் பற்றி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெருமாள்மலைப் பக்கம் ஐந்தாறு ஹோம் ஸ்டேக்காரர்கள் சேர்ந்து ஒரு பொது இடத்தை வண்டி நிறுத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வண்டி நிற்கும். அதற்கு முன்பதிவு செய்ய பைத்தானில் ஒரு ஏபிஐ எழுதிக் கொடுத்தான். ஏபிஐ என்றால் பயப்பட வேண்டாம். கவுன்ட்டர் ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒரு சீட்டு நீட்டினால், உள்ளே இருக்கும் பேரேட்டைப் பார்த்துப் பதில் சீட்டு வரும். அந்தப் பேரேடுதான் தரவுத்தளம். மொத்தம் இருநூறு வரி. முதல் முயற்சிக்கு நன்றாகவே எழுதியிருந்தான்.

ஆயுத பூஜை விடுமுறையில் வந்தது வினை. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு வண்டிகள். இரண்டு பேர் கைபேசியிலும் "பதிவு உறுதி" என்ற செய்தி. ராத்திரி பதினோரு மணிக்கு, மழையில், கைக்குழந்தையோடு வந்த குடும்பத்துக்கு மலைப்பாதையில் ஓரங்கட்டக்கூட இடமில்லை. வண்டியிலேயே குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஹோம் ஸ்டேக்காரர்கள், "நோட்டுப் புத்தகமே மேல்" என்றார்கள். கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் பையனின் சீனியரோ, "இதைத் தூக்கிப் போடு. பெரிய டேட்டாபேஸ், டாக்கர், கிளவுட் எல்லாம் போட்டுப் புதுசா எழுது" என்றானாம்.

இரண்டு பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் பேரேட்டோடு குடித்தனம் செய்தவன் நான். கணினி வந்தபோது டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, ஓய்வு பெற்ற பிறகு பைத்தான் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். (தமிழில் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' இருக்கிறது. இணையத்தில் இலவசம்.) புதிதாக எழுதியவனின் புரோகிராமை மேம்படுத்த வேண்டுமானால் முதலில் பேரேட்டைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி. ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பது, கட்டடத்தை இடித்துக் கட்டுவது எல்லாம் அப்புறம்.

பன்னிரண்டாவது இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பையனின் புரோகிராம் என்ன செய்தது? சீட்டு வந்ததும் பேரேட்டில் எத்தனை பதிவு என்று எண்ணியது. பதினொன்று. "இடம் இருக்கிறது" என்று முடிவு செய்து, பிறகு எழுதியது. எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அதற்குள் அடுத்த ஜன்னலில் இன்னொரு சீட்டு வந்துவிட்டது. அங்கேயும் எண்ணினார்கள், அதே பதினொன்று. இரண்டு ஜன்னலும் எழுதின. யார் மேலும் குற்றமில்லை, வண்டி மட்டும் பதின்மூன்று.

பையன் இதற்கு மருந்தாகப் பைத்தானில் மேலும் மேலும் 'இஃப்' போட்டுக்கொண்டிருந்தான். "எத்தனை தடவை எண்ணினாலும் நடுவில் இடைவெளி இருக்குமேப்பா" என்றேன். பழைய நாளில் கொடை ரோடு ஸ்டேஷனில் படுக்கை சார்ட் ஒட்டுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். எழுபத்திரண்டு பேர் என்று யாரும் தலையை எண்ணுவதில்லை. ஒன்றிலிருந்து எழுபத்திரண்டு வரை வரிசை எண் அச்சடித்திருக்கும். ஒரு எண்ணுக்கு எதிரே ஒரு பெயர். இரண்டாவது பெயரை எழுதக் காகிதத்தில் இடமே கிடையாது.

அதையேதான் செய்யச் சொன்னேன். தேதி, இட எண் இரண்டும் சேர்ந்து பேரேட்டில் ஒரே ஒரு முறைதான் வரலாம் என்று தரவுத்தளத்துக்கே விதி எழுதிவிடு. 'யூனிக்' என்று ஒரு வார்த்தை. இனி இரண்டாவது ஜன்னல் எவ்வளவு அவசரப்பட்டாலும் பேரேடு அதைத் திருப்பி அனுப்பும். அடுத்த எண்ணை முயலலாம், அதுவும் இல்லையென்றால் "இடம் இல்லை" என்று வாடிக்கையாளருக்கு அப்போதே சொல்லலாம். மூன்று வரி மாற்றம். டாக்கர் வேண்டாம், கிளவுட் வேண்டாம். அவன் வைத்திருந்த எஸ்க்யூலைட்டே போதும். உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப் செய்திகள் தங்கியிருப்பதும் அந்தப் பெட்டிக்குள்தான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பேரேட்டின் பத்திகளிலும் கோளாறு இருந்தது. தொலைபேசி எண்ணை 'எண்' என்று வைத்திருந்தான். நம் ஊர் 04542-ல் தொடங்கும் எண்ணைப் போட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போய்விடும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல, எழுத்து என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வண்டி எண்ணை ஒருவர் 'டிஎன் 57' என்று இடம் விட்டு எழுதுவார், ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் கோடு போடுவார். ஒரே வண்டி, மூன்று வண்டியாகிவிடும். எழுதும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயருக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பத்தி. ஏதோ வெளிநாட்டுப் பாடத்தைப் பார்த்து எழுதியது. இனிஷியல் வைத்திருக்கும் நாம் எதைக் குடும்பப் பெயர் என்று போடுவது? ஒரே பத்தி போதும் என்றேன். சிரித்தான்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'கொடைக்கானல்' என்று தேடினால் சில பதிவுகள் வரவில்லை. பார்ப்பதற்கு ஒரே எழுத்து. ஆனால் 'கொ'வில் வரும் உயிர்க்குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். ஒரு கைபேசி ஒரு விதம், இன்னொன்று வேறு விதம். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பைத்தானில் இதைச் சீராக்க ஒரே வரிதான். ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இது கண்ணில் படாது. நம் ஊர்ப் பெயரே இதில் மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

அதைவிட ஆபத்தானது ஒன்று. வாடிக்கையாளர் எழுதியதை அப்படியே கட்டளை வாக்கியத்துக்குள் ஒட்டிப் பேரேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். ஓ'பிரையன் என்று ஒருவர் பதிவு செய்ய முயன்றபோது புரோகிராம் படுத்துவிட்டது. பெயருக்குள் இருந்த அந்தச் சின்னக் குறியால். அது ஒரு எச்சரிக்கை மணி. நல்லவர் பெயரால் படுத்தது, கெட்டவர் எழுதும் வாக்கியத்தால் பேரேட்டையே கொட்டிக் கொடுத்துவிடும். வங்கியில் வாடிக்கையாளர் நீட்டும் சீட்டை மேலாளரின் உத்தரவு என்று எந்தக் குமாஸ்தாவாவது வாசிப்பானா? கட்டளை தனி, உள்ளே போடும் மதிப்பு தனி என்று பிரித்து அனுப்ப வழி இருக்கிறது. இது ஒன்றில் மட்டும் நான் பையனிடம் கடுமையாகப் பேசினேன். மற்றதெல்லாம் தாமதிக்கலாம், இதைத் தாமதிக்கக் கூடாது.

அடுத்தது நேரம். சனி, ஞாயிறுக்கு நிறுத்தக் கட்டணம் கூடுதல். ஆனால் சனிக்கிழமை விடியற்காலை வந்த வண்டிகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைக் கட்டணம் போயிருந்தது. காரணம், அவன் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குச் சனி காலை நாலு மணி என்றால் அதற்கு வெள்ளி ராத்திரி பத்தரை. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கூட்டத்துக்கு முந்திக்கொள்ளப் புறப்படுகிறவர்கள் அந்த நேரத்தில்தானே மலையேறுகிறார்கள்! பணம் போனது சின்ன விஷயம். வார நாளுக்கு ஒரு வரம்பு, வார இறுதிக்கு ஒரு வரம்பு என்று எண்ணுகிற எந்தக் கணக்கிலும் இந்த ஐந்தரை மணி நேரம் புகுந்தால் கணக்கே புரண்டுவிடும். பொது நேரத்தில் எழுது, இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகு என்ன கிழமை என்று முடிவு செய் என்றேன்.

நேரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் நம் வானாய்வகத்தைப் பார்த்தால் போதும். போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கேதான். அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கணினியில் ஏற்றி, உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்கள். எடுத்த நாளும் நேரமும் குறித்திருக்காவிட்டால் அத்தனையும் வெறும் வட்டங்கள். தொடக்கத்தில் குறித்து வைத்தவர்கள் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை.

ஜன்னலைப் பற்றியும் கொஞ்சம். ஏதாவது தவறினால் பையனின் ஏபிஐ "மன்னிக்கவும், பிழை" என்று எழுதி, அதன் மேல் 200 என்ற முத்திரையைக் குத்தி அனுப்பியது. 200 என்றால் வேலை முடிந்தது என்று பொருள். கேட்ட கைபேசி முத்திரையைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காது. பதிவுத் தபால் போய்ச் சேராமலே ஒப்புகை அட்டை வந்தால் எப்படி? இடம் நிரம்பிவிட்டால் 409, கேட்டது இல்லையென்றால் 404, கேட்ட விதம் தப்பு என்றால் 400, நம் பக்கம் கோளாறு என்றால் 500. இந்த எண்கள் ஊருக்கெல்லாம் பொது.

மலைப்பாதை வளைவில் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும். பதிவு பண்ணுகிறவர் பதில் வரவில்லையே என்று மறுபடி அழுத்துவார். இரண்டு இடம் போய்விடும். ஒவ்வொரு சீட்டுக்கும் அனுப்புகிறவர் பக்கமே ஒரு எண் போட்டுவிட்டால், அதே எண் மறுபடி வரும்போது புதிதாக எழுதாமல் பழைய பதிலையே கொடுக்கலாம். செலான் எண் மாதிரிதான். இதைச் செய்ய அவனுக்கு ஒரு வாரம் ஆனது. வேகம் கூட்டுவது, பெரிய தரவுத்தளத்துக்கு மாறுவது பற்றியெல்லாம் கேட்டான். பன்னிரண்டு வண்டிக்கு எதற்கு? 2018-ல் கஜா புயலில் மரம் விழுந்து கரண்ட் போனது நினைவில்லையா, தினமும் ஒரு நகல் எடுத்து மலைக்குக் கீழே எங்காவது வை, அது போதும் என்றேன்.

கடைசியில் ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. ரத்தான பதிவுகளை அவன் அழித்துக்கொண்டிருந்தான். வங்கிப் பேரேட்டில் சுரண்டி அழிப்பது பெருங்குற்றம். ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, கீழே சரியானதை எழுதுவோம். ரத்து என்றால் எப்போது, யாரால் என்று குறித்து வை, நடப்பில் உள்ள பதிவுகளுக்கு மட்டும் அந்த 'யூனிக்' விதி பொருந்தும்படி செய்யலாம் என்றேன். உடனே கேட்டான்: "அப்போ வந்தவங்க பேரு, போன் நம்பர் எல்லாம் காலத்துக்கும் வச்சிருக்கலாமா தாத்தா?"

நல்ல கேள்வி. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. தேவை தீர்ந்த பிறகு அடுத்தவர் விவரத்தை வைத்துக்கொண்டிருப்பதில் எனக்கும் சம்மதமில்லை. வண்டி வந்தது, நின்றது, பணம் கட்டியது என்ற வரி இருக்கட்டும். பெயரையும் போன் எண்ணையும் மட்டும் நாள் குறித்து வெறுமையாக்கிவிடு என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள்? நான் முப்பது என்கிறேன். ஹோம் ஸ்டேக்காரர்கள் அடுத்த சீசனுக்கு அழைப்பு அனுப்ப ஒரு வருஷம் வேண்டும் என்கிறார்கள். பையன் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அந்த எண் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறான்.