ஒப்பம் கேட்கப்படாத கைகள்

ஸ்ரீ சிட்டி என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு உத்தியோகம் நினைவுக்கு வரும். எனக்கோ அது எழுந்த சத்தியவேட்டுக் கழனிகளே நினைவுக்கு வருகின்றன. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஒரு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. அன்று எல்லைதான் மாறிற்று. 2008-இல் தொழில்நகரம் தொடங்கப்பெற்றபோது கழனியே மாறிற்று.

தொழிற்சாலை வேண்டாம் என்பவன் அல்லேன். நகரத்து விடுதியில் அமர்ந்து, மழையை நம்பி வாழ்க என்று உழவனுக்கு உபதேசிப்பது எளிது! என் வினா வேறு: நிலம் கைமாறுங்கால் யாரைக் கேட்கிறோம்?

அந்நாளில் நடப்பிலிருந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டம் எவர் இசைவையும் வேண்டவில்லை. உடையவனுக்கு விலை, நாற்று நட்டவளுக்கு ஒன்றுமில்லை. 2013-இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் எவ்வளவோ மேல். தனியார் நிறுவனத்துக்கென நிலம் எடுத்தால் 80 விழுக்காட்டுக் குடும்பங்கள் இசைய வேண்டும் என்கிறது. கூலிக் குடும்பத்துக்கும் மறுவாழ்வு உண்டு என்கிறது. ஆனால் அந்த 80-ஐ எண்ணும்போது நிலமுடையோரையும், அரசு நிலம் வழங்கப்பெற்றோரையும் மட்டுமே எண்ணுகிறது! குத்தகையாளனும் கூலிக்காரியும் கணக்கில் இல்லை.

ஊராட்சித் தேர்தல் வந்தால் அவள் குடிசை வாசலில் வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார். தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தகுந்த கை, தன் பிழைப்பு போகும்போது உயரத் தகாததா? சட்டத்தின் அந்த விதி திருத்தப்படவே வேண்டும். நம் மன்றத்தின் அடுத்த சொற்போருக்கு இதையே பொருளாக வைக்கலாம். மறுத்துப் பேச எவர் வருகிறார், பார்ப்போம்.